முதுகில் ஒரு பை, நெஞ்சில் ஒரு பயம்



நீங்கள் எப்போதாவது தனியாகப் பயணம் போயிருக்கிறீர்களா? கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருவதைக் கேட்கவில்லை. கூட நானாவும் இல்லை, மகனும் இல்லை, பக்கத்து வீட்டு ராத்தாவும் இல்லை. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, இரவில் எந்தக் கூரையின் கீழ் படுப்போம் என்பதுகூட நிச்சயமில்லாமல், இருநூறு மைலுக்கு அப்பால் ஓர் ஊருக்குப் போவதைத்தான் கேட்கிறேன். வெள்ளைக்காரப் பெண்கள் அப்படிப் போவதை நம் நாட்டு பஸ்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தலைக்கு மேல் உயரும் பையோடு ஏறுவார்கள், சிரிப்பார்கள், இறங்கிப் போவார்கள். "என்ன துணிச்சல்!" என்று வியப்போம். பிறகு, "இவர்களுக்குக் கேட்க ஆள் இல்லையா?" என்று சொல்லிச் சிரிப்போம்.

மஹ்ரம் இல்லாமல் ஒரு முஸ்லிம் பெண் இப்படிப் போகலாமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் இல்மு எனக்கில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1980களிலிருந்தே எங்கள் புத்தளத்துப் பெண்கள் எத்தனையோ பேர் ஒற்றைப் பையோடு குவைத்துக்கும் ரியாதுக்கும் வீட்டு வேலைக்கு விமானம் ஏறினார்கள். மொழி தெரியாது, போய் இறங்கும் வீடு எப்படிப்பட்டது என்பதும் தெரியாது. அவர்கள் அனுப்பிய காசில் சுவர் எழுப்பிய வீடுகளில் இருந்துகொண்டுதான் நாம் தனிப்பயணத்தைப் பற்றித் தர்க்கம் செய்கிறோம். அந்தப் பெண்களிடம், "விமானத்தில் தனியாக இருந்தபோது பயமாக இருந்ததா?" என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

நான் போனது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே இருக்கும் மயிலிட்டிக்கு. போனது 2019 செப்டம்பரில். ஏன் போனேன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தவள். 1990இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆண்டு ஜூன் மாதம் மறுபடி யுத்தம் மூண்டபோது, 15ஆம் திகதி மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பெரிய மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊர் அது. வள்ளங்களையும் வலைகளையும் போட்டது போட்டபடி விட்டு வந்தவர்கள், வடமராட்சிப் பக்கமும் யாழ்ப்பாண நகரப் பக்கமும் சிதறினார்கள். அப்படி வந்த ஒரு குடும்பம் எங்கள் வீட்டின் பின்பக்க அறைகளில் வாடகைக்கு இருந்தது. தாய், தகப்பன், என் வயதில் ஒரு மகள். அந்தத் தாயை நான் மாமி என்றுதான் அழைப்பேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உம்மா வட்டிலப்பம் கொடுத்தனுப்புவார். மாமியிடமிருந்து மீன் வரும். நானும் அந்தப் பிள்ளையும் ஒரே பாயில் இருந்து பாடம் படித்தோம். அவள் இரவில் திடீரென எழும்பி, "கடல் சத்தம் கேக்கேல்ல, நித்திரை வரேல்ல" என்று அழுவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். கடல் சத்தம் இல்லாவிட்டால் நித்திரை வராதா என்ன?

நான்கரை மாதம் கழித்து எங்கள் முறை வந்தது. 1990 அக்டோபர் 30. முஸ்லிம்கள் எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். நகைகளையும் காசையும் வழியிலேயே கழற்றி வாங்கினார்கள். அந்த மாதம் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். எங்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம்.

வாசலைத் தாண்டும்போது உம்மா வீட்டுச் சாவியை மாமியின் கையில் வைத்து, "ரெண்டு மூணு நாளையில வந்துடுவோம்" என்றார். அதன் பிறகு 22 வருடம் உயிரோடு இருந்தார் உம்மா. தகரக் கொட்டிலில் இருந்த காலத்திலும், பிறகு கல்வீடு கட்டிய காலத்திலும், ஊர்ப்பேச்சு வந்தால் அவர் சொல்வது ஒன்றுதான். "சாவி அவளிட்ட பத்திரமா இருக்கும்."

2018இல் என் மகள் முகநூலில் தேடி என் தோழியைக் கண்டுபிடித்தாள். கனடாவில் இருக்கிறாள். இரண்டு பேரும் தொலைபேசியில் அழுத அழுகையை இங்கே எழுத வேண்டியதில்லை. அழுது முடிந்ததும் அவள் சொன்ன செய்திதான் முக்கியம். மயிலிட்டித் துறைமுகமும் அதை ஒட்டிய 54 ஏக்கர் நிலமும் 27 வருடம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்துவிட்டு, 2017 ஜூலை 3ஆம் திகதி மக்களிடம் கொடுக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் அந்தப் பகுதியில் இன்னும் 600 ஏக்கருக்கு மேல் விட்டார்கள். தகப்பனார் அதைப் பார்க்க இல்லை. ஆனால் மாமி, யார் சொல்லியும் கேளாமல், தன் காணியில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு தனியாகப் போய் இருந்துவிட்டார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. "போன் எடுத்தால் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வைக்கிறா. உண்மையில எப்பிடி இருக்கிறா எண்டு ஆரும் ஒருக்கா நேரில பாத்துச் சொன்னால்..." என்றாள் தோழி. அந்த 'ஆரும்' நான்தான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் கணவர் 2016இல் மௌத்தாகிவிட்டார். மகன் தோஹாவில். மகளுக்குக் கைக்குழந்தை. ஒரே நானா, வெளியேற்றத்தின்போது பதினெட்டு வயது இளைஞர்; "அந்த மண்ணை இனி மிதிக்க மாட்டேன்" என்று சொன்னவர், சொன்னபடியே இருக்கிறார். அவர் மனதில் இருப்பதை நான் அறிவேன்; வற்புறுத்தவில்லை. ஆகவே தனியாகத்தான் போக வேண்டியிருந்தது.

இனிப் பயத்துக்கு வருவோம்.

புறப்படுவதற்கு முந்திய ஒரு வாரம்தான் பயணத்திலேயே மோசமான பகுதி. இரவில் படுத்தால் நடக்காததெல்லாம் கண்முன் நடக்கும். பஸ் பழுதாகி நடுக்காட்டில் நிற்கும். பையை யாரோ பறிப்பார்கள். காய்ச்சல் வந்து கிடப்பேன். மூன்றாம் நாள் இரவு எழுந்து, விளக்கைப் போட்டு, ஒரு கொப்பித் தாளில் பயப்படுவதை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதியபோது பன்னிரண்டு பயம் வந்தது. அவற்றில் ஏழுக்கு விடை கையிலேயே இருந்தது. டோர்ச் ஒன்று, காசை மூன்று இடத்தில் பிரித்து வைப்பது, தொலைபேசி எண்களைத் தாளிலும் எழுதி வைப்பது, சித்தாலேப, பனடோல், இருட்டுவதற்கு முன் தங்கும் இடத்தில் இருப்பது, இப்படி. மிச்சம் ஐந்துக்கு விடை இல்லை. ஐந்தோடு போவதும் பன்னிரண்டோடு போவதும் ஒன்றல்லவே!

அந்த ஐந்தில் ஒன்றைச் சொல்கிறேன். அது பை.

நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள் நம் பெயரைச் சொன்ன பாவிகள். முதுகில் பை மாட்டிப் போனவர்களின் படங்கள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தன. மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் தாக்கின. அது நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அபாயா அணிந்த ஒரு பெண், தனியாக, முதுகில் பெரிய பையோடு பஸ் ஏறினால் என்ன ஆகும்? நான் மற்றவர்களுக்குப் பயப்படுவது ஒரு புறம் இருக்கட்டும். மற்றவர்கள் என்னைக் கண்டு பயந்தால்?

அப்படித்தான் நடந்தது. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வரை ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து வவுனியா. வவுனியாவில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி, ஒரு தாயும் சிறு பிள்ளையும் இருந்த இருக்கையில் இருந்தேன். பையை மடியில் வைத்தேன். அந்தத் தாய் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பேசாமல் பிள்ளையைத் தூக்கி ஜன்னல் பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டார்.

சகோதரிகளே, அந்த நேரம் எனக்கு வந்தது கோபம் இல்லை. இவ்வளவு பேர் நெருக்கி இருக்கும் பஸ்ஸில், முழங்கை முட்ட இருக்கும் ஒருத்தி என்னைக் கண்டு பயப்படுகிறாள் என்பதைப் போலத் தனிமை வேறில்லை. ஆனால் அவள் செய்தது ஒரு தாய் செய்வதுதானே? நானும் தாய்தான். என்ன செய்யலாம் என்று யோசித்தேன். "நான் நல்லவள்" என்று வாயால் சொன்னால் சந்தேகம் கூடும். பையின் வாயை அகலத் திறந்தேன். ஒவ்வொன்றாக மேலே எடுத்து வைத்தேன்: மாற்றுத் துணி, முசல்லா, தண்ணீர்ப் போத்தல், பேரீச்சம்பழப் பொதி. ஏதோ தேடுவதுபோலத்தான். கடைசியில் பேரீச்சம்பழப் பொதியைப் பிரித்து, முதலில் நான் ஒன்றைத் தின்றுவிட்டு, "பிள்ளைக்குக் குடுக்கலாமோ?" என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து அவர் வாங்கினார். கிளிநொச்சி வருவதற்குள் அந்தப் பிள்ளை என் மடியில் நித்திரை. பை கீழே, இருவர் காலுக்கும் நடுவில்.

இடையில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கிப் பையோடு நடக்க வேண்டும். என் பையைத் திறந்து பார்த்த இளம் சிப்பாய், "தனியமத?" என்று சிங்களத்தில் கேட்டார். தனியாகவா? ஆம் என்றேன். "பயம் இல்லையா அம்மே?" என்றார். வயது இருபதுதான் இருக்கும். என் மகன் வயது. "நீங்களும் வீட்டை விட்டுத் தனியாகத்தானே நிற்கிறீர்கள்?" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். சிரித்துக்கொண்டு பையை அவரே பூட்டித் தந்தார்.

ஆனையிறவு கடந்து, உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது அழுகை வந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவு தங்கினேன். ஒரு விதவைத் தாயார் தன் வீட்டு மாடியில் வாடகைக்கு விடும் அறை. வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். ஒரு நாற்காலியையும் கதவோடு சாத்தி வைத்தேன். பயத்துக்கு அது போதும். தனிமைக்கு நாற்காலி என்ன செய்யும்? பகலில் பயம் இருக்கும், தனிமை தெரியாது. மஃரிபு நேரத்தில் அது தலைகீழாகும். சோனகத்தெருப் பெரிய பள்ளியின் பாங்கு ஜன்னல் வழியே வந்தது. சிறு வயதில் கேட்ட அதே திசையிலிருந்து அதே பாங்கு. ஆனால் "விளையாடினது போதும், உள்ளே வா" என்று கூப்பிட உம்மா இல்லை. இந்த ஊரில் நான் பிறந்தேன். இந்த ஊரில் என் பெயர் தெரிந்த ஒருவரும் அன்று இல்லை.

அப்போது எனக்கு நினைவு வந்தவர், நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள், இப்னு பதூதா! பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த அதே உலகம் சுற்றியவர்தான். 1325ஆம் ஆண்டு, தமது 21ஆவது வயதில், மொரோக்கோவின் தஞ்சா நகரிலிருந்து தனியாக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். வழியில் கடும் காய்ச்சல். விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சவாரி செய்தாராம். ஒருவழியாகத் தூனிஸ் நகரம் வந்து சேர்ந்தபோது, ஊரார் வெளியே வந்து கூட்டத்தில் வந்தவர்களுக்கு ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து வரவேற்றார்கள். இவரை அறிந்தவர் யாரும் இல்லை. இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் வரவில்லை. அந்த இடத்தில் அவர் அடக்க முடியாமல் அழுதுவிட்டார். அதைத் தாமே தம் பயணக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஹாஜி நிலைமையைப் புரிந்து, பக்கத்தில் வந்து ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். ஊருக்குள் போகும்வரை கூடவே வந்தார். நோயும் வெயிலும் அழவைக்காத ஆளை ஒரு ஸலாம் கிடைக்காதது அழவைத்துவிட்டது!

அவரே பிறகு 1344இல் நம் இலங்கைக்கு வந்தார். கரை இறங்கியது எங்கள் புத்தளம் பக்கம். வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பாவா ஆதம் மலைக்குப் போக ஆசை என்றதும், பல்லக்கும், வழிகாட்ட யோகிகளும், பிராமணர்களும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினார் அந்த அரசர். புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் விருந்தாளியாகப் பயணம் போன ஒரு முஸ்லிமின் கதை அது. எங்களுடைய கதையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அன்றிரவு எனக்குத் தெம்பில்லை.

எழுந்து ஒளூச் செய்து, பயணத் தொழுகையாக மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதேன். மார்க்கம் தரும் சலுகை என்பதோடு, இதில் இன்னொரு நன்மையையும் பயணத்தில்தான் கண்டேன். தெரியாத ஊரில் நாள் என்பது நூல் அறுந்த பட்டம்போல் அலையும். தொழுகை நேரங்கள் வந்து அதைப் பிடித்துக் கட்டும். அடுத்த நேரம் எது, அதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று மனதுக்கு வேலை கிடைக்கும். தொழுதுவிட்டுக் கீழே போய் வீட்டுக்கார அம்மாவிடம், "தேங்காய் துருவித் தரட்டுமா?" என்று கேட்டேன். துருவிக்கொண்டே ஒரு மணி நேரம் கதைத்தோம். தனிமைக்கு நான் கண்ட மருந்தில் அதைப்போல் வேலை செய்தது வேறில்லை. யாராவது வந்து பேச மாட்டார்களா என்று அறையில் குந்தியிருந்தால் யாரும் வருவதில்லை. இப்னு பதூதாவுக்கு வந்ததுபோல எல்லோருக்கும் ஒரு ஹாஜி வருவாரா?

மறுநாள் காலை காங்கேசன்துறை பஸ். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வழி. பதினெட்டு கிலோமீற்றர் தூரத்துக்கு இருபுறமும் செம்மண் தோட்டமும் வடலியும். காங்கேசன்துறையில் இறங்கியதும் ஒரு ஓட்டோக்காரர் நெருங்கி வந்து, எங்கே போகிறேன், யாரிடம் போகிறேன், எப்போது திரும்புகிறேன் என்று கேட்டுக்கொண்டே பையில் கை வைத்தார். கெட்டவராக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் என் வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. வேண்டாம் என்று சொல்லிக் கடையோரம் நின்றேன். நாற்பது நிமிடம் வெயிலில் நின்ற பிறகு, பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த ஒரு வயதானவரின் ஓட்டோவில் ஏறினேன். ஏறியதும் தொலைபேசியை எடுத்து மகளிடம் சத்தமாக, ஓட்டோ இலக்கத்தையும் போகும் இடத்தையும் சொன்னேன். பெரியவர் சிரித்துவிட்டு, "நல்ல பழக்கம் பிள்ளை, என்ர மகளுக்கும் இதைத்தான் சொல்லுறனான்" என்றார்.

முதலில் துறைமுகத்துக்குத்தான் கொண்டுபோனார். வழி கேட்க அதுதான் இடம் என்றார். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் முதற்கட்டத் திருத்த வேலை முடிந்து அதைத் திறந்திருந்தார்கள். மீன் கூறும் இடம் முழுக்க ஆண்கள். ஒருவரை ஒருவர் விலக்கிக்கொண்டு சத்தம். உள்ளே நுழையக் கால் வரவில்லை. ஓரத்தில் பெட்டியில் மீன் வைத்திருந்த ஒரு பெண்ணிடம் போய், "அக்கா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கயிருந்து வாறீங்கள்? தனியவோ வந்தனீங்கள்?" என்றார். மாமியின் கணவர் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அவவிட்டயோ! வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று பெட்டியைப் பக்கத்தாளிடம் ஒப்படைத்துவிட்டு எழும்பினார்.

நடந்த வழியில் பார்த்ததை எப்படிச் சொல்ல? கூரை இல்லாத வீடுகள். குசினிக்குள் வளர்ந்து, கூரை இருந்த இடத்தால் வெளியே தலை நீட்டும் மரங்கள். வாசற்படி மட்டும் மிஞ்சிய வளவுகள். நடுவில் ஒன்றிரண்டு புதுத் தகரக் கொட்டில்கள், துப்புரவாகக் கூட்டிய முற்றம், கொடியில் காயும் துணி.

மாமி முற்றத்தில் வலைத்துண்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒடுங்கிப் போயிருந்தார். "ஆர் பிள்ளை?" என்றார். சோனகத்தெரு என்றேன். கையில் இருந்த வலை கீழே விழுந்தது. எழும்பி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். மீன் மணம். பன்னிரண்டு வயதில் என் தலைவாரிவிட்ட அதே கைகளின் மணம்.

பகல் முழுக்க அங்கேயே இருந்தேன். அறக்குளா மீன் குழம்பும் சோறும். "மீன்தானே, நீங்கள் தின்னலாம்" என்று சொல்லி, நான் பார்க்கவேண்டும் என்பதற்காகவே சட்டியை என் முன்னால் மறுபடி கழுவினார். சாப்பிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. நான் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.

"பிள்ளை, சாவி என்னட்ட இல்லை."

அஞ்சு வருடம் அந்த வீட்டைப் பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டார்களாம். முன் அறையில் யாரையும் இருக்கவிடவில்லையாம். பிறகு 1995 அக்டோபர் 30. யாழ்ப்பாணம் முழுவதையும் வெறுமையாக்கிக்கொண்டு இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் மழைக்குள் நடந்ததே, அந்த நாள். சகோதரிகளே, திகதியைப் பாருங்கள்! நாங்கள் வெளியேற்றப்பட்டு அன்றோடு சரியாக ஐந்து வருடம். அந்த நடையில் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாராம். வன்னியில் எத்தனையோ இடம் மாறி, எங்கே அவிழ்ந்து விழுந்ததென்று தெரியாமல் போய்விட்டதாம். "உங்கட அம்மா என்னை ஏசியிருப்பா" என்றார்.

வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. சாவிக்கு அங்கே வேலையும் இல்லை. முந்திய நாள் மாலைதான் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் அதைச் சொல்லவில்லை. "உம்மா கடைசிவரைக்கும் சாவி உங்களிட்ட பத்திரமா இருக்கெண்டுதான் சொன்னவ" என்று மட்டும் சொன்னேன். மாமி வெகுநேரம் பேசவில்லை. கோழி ஒன்று வந்து சோற்றுக் கோப்பையைக் கொத்திற்று. அதை விரட்டக்கூட இல்லை.

வெயில் தாழ்ந்தபோது நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "மாமி, இங்க தனிய இருக்கப் பயமில்லையா?"

"இல்லையெண்டு சொன்னால் பொய். மோளுக்குச் சொல்லாதை. ஆறு மணிக்குப் பிறகு வரும். படுத்துக் கிடந்தால் மேல ஏறி இருக்கும். அதால நான் எழும்பி ஏதாவது வேலை பாப்பன். வலை பிரிப்பன், அரிசி பொறுக்குவன். ரேடியோ போட்டுவிடுவன், ஒரு மனிசக் குரல் வேணும். ஒன்பது மணிக்கு அங்கால வீட்டுக்காரி டோர்ச் அடிப்பா, நான் திருப்பி அடிப்பன். ரெண்டு பேரும் இருக்கிறம் எண்டதுக்கு அது."

"நித்திரை?"

"அது வரும். இஞ்ச கடல் சத்தம் கேக்குதே!"

நான் சிரித்துவிட்டேன். தாய்க்கும் மகளுக்கும் ஒரே நோய்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்த உபாயங்களை எல்லாம் அந்தக் கிழவி இரண்டு வரியில் சொல்லிவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பயணத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கும், ஊர் திரும்பித் தனியாக இருக்கும் பெண்ணுக்கும், பிள்ளைகள் கடல் கடந்த பிறகு நம் நாலு சுவருக்குள்ளே தனியாக இருக்கும் பெண்ணுக்கும் மாலை ஆறு மணி ஒன்றுதான். நம்மில் எத்தனை பேர் இன்று மகனின் ஐரோப்பியக் காசில் கட்டிய பெரிய வீட்டில் ஒற்றை விளக்கோடு இருக்கிறோம்! அவர்களை யாரும் 'தனிப்பயணி' என்று சொல்வதில்லை. அவர்களுக்கு யாரும் டோர்ச்சும் அடிப்பதில்லை.

பெரியவரின் ஓட்டோ சொன்ன நேரத்துக்கு வந்தது. என் பையில் இருந்த டோர்ச்சை மாமியிடம் கொடுத்தேன். அவருடையது மங்கலாக எரிவதைப் பார்த்திருந்தேன். பதிலுக்குக் கருவாட்டுப் பொதி ஒன்றைப் பைக்குள் திணித்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் அந்தப் பையிலிருந்து வந்த மணத்துக்கு யாரும் என்னைக் கண்டு பயப்படவில்லை, மூக்கைத்தான் பொத்தினார்கள்!

தோழிக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன், ஆறு மணிக் கதையைத் தவிர. அது மாமி என்னிடம் தந்த அமானிதம். ஆனால் கனடாவிலிருந்து எடுக்கும் அழைப்பை இலங்கை நேரம் மாலை ஆறரைக்கு மாற்றிக்கொள் என்றேன். ஏன் என்று கேட்டாள். "அந்த நேரம்தான் அவவுக்கு வேலை இல்லை" என்றேன்.

அதன் பிறகு கொரோனாவும் பெற்றோல் தட்டுப்பாடும் வந்து வழியை மறித்தன. இருந்தும் இரண்டு முறை போய்விட்டேன். அதே பை, ஒரு பக்கப் பட்டி அறுந்து தைத்திருக்கிறேன். மாமிக்கு இப்போது இரண்டு அறைக் கல்வீடு. துறைமுகத்தில் மூன்றாம் கட்ட வேலையை 2025 செப்டம்பரில் தொடங்கினார்கள். அது வந்தால் சத்தம் கூடும் என்று அவருக்குச் சந்தோஷம். நானாவிடம் போன மாதம் அதைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அநுராதபுரத்தில காலம்பற எத்தனை மணிக்கு பஸ்?" என்றார். ஐந்தரைக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று என்றேன்.